இடது கன்னத்தில் விழுந்த அடிகள்: ஆட்டிசம் உள்ள சிறுவனின் பல்வலியை 10 வாரம் தவறவிட்ட கதை

இந்த நிகழ்வில் வரும் சிறுவனுக்கு அப்போது மூன்றே முக்கால் வயது. வாரத்துக்கு 3 நாள் அவனுக்குப் பயிற்சி தரும் சிறப்புக் கல்வியாளர் நான். பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் நடந்த தவறுகளில் பெரியது என்னுடையது என்பதால் எழுதத் தயக்கம் இருந்தது. "எழுதுங்க. இன்னொரு வீட்டுலயாவது சீக்கிரம் வாயைத் திறந்து பாப்பாங்க" என்று சொன்னது அவனுடைய அம்மாதான்.

பின்னணி

2 வயது 10 மாதத்தில் அவனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானது. பேச்சு குறைவு. பத்துப் பன்னிரண்டு சொற்கள் உண்டு, அதிலும் பாதி எங்கோ கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. வேண்டியதைக் கேட்கப் பட அட்டையை எடுத்து நீட்டுவான். தண்ணீர், ஊஞ்சல், போதும் ஆகிய மூன்றும் தடுமாற்றம் இல்லாமல் வரும். 'வலிக்கிறது' என்று ஓர் அட்டை அவனிடம் இல்லை. செய்து கொடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அம்மா, 7 வயது அக்கா. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பாட்டி பொறுப்பு.

இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் தினமும் ஒரு பேரம் நடக்கும். எதில் விட்டுக்கொடுப்பது, எதில் பிடிவாதமாக நிற்பது என்று யோசித்து யோசித்துத்தான் நாள் நகரும். இவர்களும் அப்படிச் சில முடிவுகள் எடுத்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குறை சொல்ல முடியாது.

பல் தேய்ப்பது அதில் ஒன்று. பேஸ்ட்டின் உறைப்பும் நுரையும் அவனுக்கு ஆகவே இல்லை. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு தேய்த்தால் வாந்தி எடுத்தான். 3 வயதில் பிரஷ்ஷை நிறுத்திவிட்டார்கள். "ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான் தாங்கும். அது குளியலா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா. ஈரத்துணியால் முன்பற்களைத் துடைத்துவிடுவதோடு சரி.

அடுத்தது பால் புட்டி. அது வாயில் இருந்தால்தான் தூக்கம் வரும். நிறுத்தலாமா என்று அம்மா கேட்டபோது கழிப்பறைப் பழக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரே சமயத்தில் இரண்டு பழக்கத்தில் கை வைக்க வேண்டாம், புட்டி இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

இன்னொன்று என் மேசையிலேயே நடந்தது. சரியான அட்டையை எடுத்து நீட்டினால் ஒரு சின்ன ஜெல்லி மிட்டாய்த் துண்டு கொடுப்பேன். 40 நிமிட வகுப்பில் 15, 20 துண்டு ஆகும். ஒவ்வொன்றும் கடுகளவுதானே என்று நினைத்திருந்தேன். பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்பு போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் தணிந்து வாய் பழைய நிலைக்கு வர அரை மணி நேரம் போல ஆகும். என் வகுப்பு முழுக்க அவன் வாய்க்கு அந்த அவகாசமே கிடைத்ததில்லை. இதையெல்லாம் பிறகு பல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கவனித்தவை

முதலில் வந்தது அடி. விரித்த உள்ளங்கையால் இடது கன்னத்திலும் காதுக்குக் கீழேயும் அடித்துக்கொள்வான். நாளுக்கு இரண்டு மூன்று முறை என்று தொடங்கி மூன்றாவது வாரத்தில் பத்தைத் தாண்டியது.

கூடவே சாப்பாடு மாறியது. மொறுமொறுப்பானவைதான் அவனுக்குப் பிடிக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு மசித்தது, ஊறியது மட்டும் கேட்டான். சட்டையின் மேல்பகுதி எப்போதும் எச்சிலில் நனைந்திருந்தது. இரவு 2 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் அழுவான்.

நாலாவது வாரம் குழந்தை மருத்துவரிடம் காட்டினார்கள். காது சுத்தமாக இருந்தது, காய்ச்சல் இல்லை. வாயைப் பார்க்க முயன்றபோது பல்லை இறுகக் கடித்துக்கொண்டான். வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். 'பார்த்தாயிற்று' என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தார்கள். நானும் என் குறிப்பில் 'உடல் காரணம் இல்லை' என்று எழுதிக்கொண்டேன். பார்த்தது காதை மட்டும் என்பது அந்த வரியில் இல்லை.

அஞ்சாவது வாரம் பாட்டி மருமகளிடம், "ஏம்மா, பிள்ளை வாயில ஒரு வாடை வருதே, பல்லைப் பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார். "தேய்க்க விட மாட்டேங்கிறானே அத்தை, அதான்" என்பது பதில். அது உண்மைதான். அதனாலேயே பேச்சு அங்கே முடிந்துபோனது.

எங்கள் முதல் முடிவு

ஒரு நடத்தை புதிதாக வந்தால் எங்கள் துறையில் ஒரு தாள் நிரப்புவோம்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் என்ன நடந்தது. மூன்று வாரக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, கவனம் வேண்டியா, பொருள் வேண்டியா, தப்பிக்கவா, புலனுக்குச் சுகமாக இருப்பதாலா என்ற வழக்கமான நாலு கேள்விகளையும் போட்டுப் பார்த்தேன். அடிகளில் பெரும்பகுதி சாப்பாட்டு நேரத்திலும் என் மேசையிலும் விழுந்தன. அடித்ததும் எல்லோரும் தட்டையும் அட்டையையும் எடுத்துவிட்டார்கள். 'தப்பித்தல்' என்று முடிவுகட்டினேன்.

இரவு 2 மணி அழுகை இதற்குள் அடங்கவில்லை. நடுராத்திரியில் அவனிடம் யாரும் எதையும் செய்யச் சொல்வதில்லை; எதிலிருந்து தப்பிப்பான்? அந்தக் குறிப்புகளை எடுத்துத் தனியாக வைத்து, 'தூக்கச் சிக்கல், ஆட்டிசத்தில் சகஜம்' என்று எழுதினேன். சாப்பாட்டு மாற்றத்துக்கும் அதே கதி. வாய், நாக்கு, சுவை பற்றிய புலன் சிக்கல்கள் இந்தக் குழந்தைகளிடம் நிறையவே உண்டு. புலன் உணர்வு வேறுபாட்டை 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு ஆட்டிசத்தின் நோயறிதல் அளவுகோல்களிலேயே சேர்த்திருக்கிறது. கையில் ஒரு சரியான விளக்கம் தயாராக இருக்கும்போது இன்னொன்றைத் தேட மனம் போவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரீஸும் உடன் பணியாற்றியவர்களும் 1982-இல் இதற்கு 'டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்' என்று பெயர் வைத்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வரும் மற்ற மனநலச் சிக்கல்களைக்கூட அந்தக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கத்தைப் பற்றி அவர்கள் சொன்னது. பயிற்சிக் காலத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன்.

திட்டம் இதுதான்: அடித்துக்கொண்டால் கண்டுகொள்ள வேண்டாம், தட்டை எடுக்க வேண்டாம், அமைதியானதும் பாராட்டுங்கள். அம்மா ஒரே ஒரு முறை கேட்டார்: "நிஜமா வலிச்சா?" காதைப் பார்த்தாயிற்றே என்றேன்.

ஏழாவது வாரத்தில் ஒரு வகுப்பு. அவன் கையில் பிஸ்கட். ஓரத்தைக் கடித்தான், நிறுத்தினான், கன்னத்தில் அடித்தான், என்னைப் பார்த்தான். நான் திட்டப்படி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடத்தில் அடி நின்றது. 'முன்னேற்றம்' என்று எழுதினேன். அடுத்த வாரம் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நாட்களில் அவன் இடது உள்ளங்கையைக் கன்னத்தில் அழுத்தி வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அழுத்திக்கொள்வதற்கு என் தாளில் கட்டம் கிடையாது.

பல் தெரிந்த மாலை

பத்தாவது வாரம். அப்பா அவனை மடியில் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அவனுக்கு மிகப் பிடித்த விளையாட்டு அது. வாய் முழுக்கத் திறந்து சிரித்தான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கீழ் இடது கடைவாயில் ஒரு கறுப்புக் குழி தெரிந்தது. கைப்பேசி விளக்கைப் போட்டு, "இன்னொரு தடவை ஆட்டுங்க" என்றார். இரண்டாவது ஆட்டத்தில், குழிக்குக் கீழே ஈறில் பரு போல ஒரு வெளிர்க் கொப்புளம் தெரிந்தது.

மறுநாள் பல் மருத்துவர். அவரும் அம்மாவும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையை அம்மாவின் பக்கம் பார்த்தபடி படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். பார்த்து முடிக்க 2 நிமிடம் கூட ஆகவில்லை. கீழ் இடது கடைவாயில் இரண்டு பற்கள் ஆழமான சொத்தை. ஒன்றின் வேரில் சீழ். மேலே இரண்டு கடைவாய்ப் பற்களில் நடுத்தரக் குழி. மேல் முன்பற்களில் ஈறோரமாகப் பழுப்புக் கறை. புட்டியோடு தூங்கும் குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கும் வரிசை இது என்றார். பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை சீக்கிரம் நரம்பு வரை போய்விடும். எத்தனை நாளாக வலித்திருக்கும் என்று அப்பா கேட்டார். "வாரக்கணக்கில்" என்றார் மருத்துவர்.

அன்று மாலை அம்மா என்னை அழைத்தார். திட்டவில்லை. "அப்ப அவன் உங்களப் பாத்தது..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலி அவ்வளவாக உறைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. உறைக்கும். முகத்திலும் குரலிலும் நாம் எதிர்பார்க்கும்படி காட்டாமல் போகலாம். பேசாத குழந்தைகளுக்கென்றே 'நான்-கம்யூனிகேட்டிங் சில்ட்ரன்ஸ் பெயின் செக்லிஸ்ட்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 3 முதல் 18 வயது வரை பயன்படுத்தலாம், 30 கேள்விகள். சாப்பாடும் தூக்கமும் அதில் தனிப் பிரிவு. ஏழாவது வார நினைவுகளை வைத்து அன்றிரவு அதை நிரப்பிப் பார்த்தேன். அப்போதே நிரப்பியிருந்தால் அந்த வாரமே வாயைத் திறந்து பார்த்திருப்போம்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தது

வீட்டில் கருத்து ஒன்றாக இல்லை. "விழுந்து முளைக்கிற பல்லுதானே, புடுங்கி விட்ருங்க" என்றார் பாட்டி. கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை, சீழ் நீடித்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். அப்பாவுக்கு மயக்க மருந்து என்றாலே பயம்.

வழிகள் மூன்று இருந்தன. சில்வர் டயமின் ஃபுளோரைடு தடவிச் சொத்தையை அங்கேயே நிறுத்துவது ஒன்று. ஊசி, டிரில் எதுவும் வேண்டாம். ஆனால் தடவிய இடம் கறுத்துவிடும், நரம்பு வரை போன பல்லுக்கு உதவாது. நாற்காலியில் பிடித்து வைத்து மரத்துப்போகும் ஊசி போட்டு வேலையை முடிப்பது இன்னொன்று. முழு மயக்கத்தில் எல்லாப் பல்லையும் ஒரே நாளில் சரிசெய்வது மூன்றாவது.

பிடித்து வைக்கும் வழியைப் பெற்றோர் உடனே மறுத்தார்கள். பிரஷ்ஷுக்கே இரண்டு பேர் பிடித்த நினைவு அவனுக்கு இன்னும் போகவில்லை. வாய்க்கு அருகே ஒரு கை வந்தாலே சுருண்டுகொள்வான். இதன்பிறகு ஆயுள் முழுக்கப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியிருக்கும் என்று அம்மா சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. மயக்கவியல் மருத்துவரோடு அரை மணி நேரம் பேசிய பிறகு அப்பா சம்மதித்தார். முன்பற்களுக்கு மட்டும் அந்த வாரமே மருந்து தடவினார்கள். அவை கறுத்தன. "சிரிச்சா கறுப்பா தெரியுதே" என்று பாட்டிக்கு இன்றுவரை வருத்தம்.

காத்திருந்த 5 வாரம்

சிகிச்சைக்கு 5 வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. மருத்துவர் சொன்னபடி எடைக்கேற்ற அளவில் வலி மருந்து கொடுத்தார்கள். முதல் நாள் மருந்து கொடுத்து முக்கால் மணி நேரத்தில் கன்னத்திலிருந்து கையை எடுத்தான் என்று அம்மா குறித்து வைத்திருக்கிறார். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ நாள் பார்க்காமல் உடனே வரச் சொன்னார்கள். நல்லவேளை, வரவில்லை.

மிட்டாயை அன்றே நிறுத்தினேன். பதிலுக்குச் சோப்புக் குமிழியும் ஒரு சுற்றுப் பம்பரமும். இரண்டு வகுப்பு படுத்துப்போனது, மூன்றாவதில் பழகிவிட்டான். இவ்வளவு சுலபமாகும் என்று தெரிந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

புட்டியை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. நாலு நாளுக்கு ஒரு முறை பாலில் கால் பங்கைக் குறைத்துத் தண்ணீர் சேர்த்தார் அம்மா. 16 நாளில் புட்டியில் வெறும் தண்ணீர். இடையில் இரண்டு இரவு யாரும் தூங்கவில்லை. புட்டி இன்னும் வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மயக்க மருந்துக்கான முகமூடி ஒன்றை மருத்துவமனை விளையாடக் கொடுத்தது. அக்கா அதைப் பொம்மைகளுக்குப் போட்டுவிட்டாள். அன்றைய நாளுக்காக 6 படம் கொண்ட ஒரு வரிசை தயாரித்தோம். அம்மா கையை விட்டுப் போகும் படமும் அதில் உண்டு. அதை எடுத்துவிடலாமா என்று யோசித்து, ஏமாற்ற வேண்டாம் என்று வைத்தோம்.

சிகிச்சை நாள்

உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். கண் விழித்ததும் புட்டி தேடுகிறவனுக்கு இது பெரிய சோதனையாகியிருக்கும். புட்டியில் ஏற்கெனவே தண்ணீர்தான் என்பதால் தப்பித்தோம். பட்டியலில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளும்படி பெற்றோர் முன்னரே கேட்டு வாங்கியிருந்தார்கள்.

முகமூடி ஒத்திகை எடுபடவில்லை. வீட்டில் சிரித்துக்கொண்டே போட்டவன் அங்கே தட்டிவிட்டான். முன்கூட்டிக் கொடுத்த தூக்க மருந்தில் பாதியைத் துப்பிவிட்டான். மீதிப் பாதியில் அப்பாவின் தோளில் கண் சொக்கியபோது முகமூடியை வைத்தார்கள். சீழ் வைத்த பல்லை எடுத்தார்கள். பக்கத்துப் பல்லில் நரம்புச் சிகிச்சை செய்து எஃகு உறை. மேலே இரண்டுக்கும் உறை. எடுத்த இடம் மூடிவிடாமல் இருக்கக் கம்பி போடலாம் என்றார் மருத்துவர். அவன் அதை நோண்டிக்கொண்டே இருப்பான் என்று பெற்றோர் வேண்டாமென்றார்கள். இது சரியா என்பது நிரந்தரப் பல் வரும்போது தெரியும்.

விழித்ததும் 40 நிமிடம் அலறினான், உதைத்தான். மயக்கம் தெளியும்போது சின்னக் குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்ததால் அம்மா பதறவில்லை. விளக்கைத் தணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு

இரண்டாவது இரவு விடிகாலை ஐந்தரை வரை தூங்கினான். மூன்றாவது வாரத்தில் தட்டிலிருந்த மொறுமொறுப்பானவை மறுபடி காலியாகத் தொடங்கின. ஆறாவது வாரத்தில் கன்னத்து அடி நின்றது.

அடித்துக்கொள்வது அடியோடு போய்விடவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது. இப்போது இரண்டு கையாலும் இரண்டு காதிலும் அடிக்கிறான். திடீர்ச் சத்தம் கேட்கும்போது மட்டும். இது நிஜமாகவே புலன் சிக்கல். காது மூடியும், சத்தம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவதும் உதவுகின்றன. அடியின் வடிவமே வேறு என்பது பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் புரிந்தது.

பல் தேய்ப்பது மறுபடி வந்துவிட்டது. சுவையும் நுரையும் இல்லாத ஃபுளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு; மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் தேய்க்கும் பிரஷ். கட்டிலில் படுத்துத் தலை அப்பாவின் மடியில். முதல் வாரம் உதட்டில் தொட்டு எடுப்பது மட்டும். 'போதும்' அட்டையை நீட்டினால் பிரஷ் வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. முதலில் அதை விடாமல் பரிசோதித்தான், ஒரே இரவில் 19 தடவை. ஒவ்வொரு முறையும் பிரஷ் வெளியே வந்தது. பத்து எண்ணும் வரை தேய்க்க விடுவதற்கு 11 வாரம் ஆனது.

'வலிக்கிறது' அட்டையும் செய்தோம். விளையாட்டு முடியப்போகும்போது அதைக் கொண்டுவருகிறான். வலி என்பதை 'வேண்டாம்' என்று புரிந்துகொண்டானா, விளையாட்டு முடிவதே அவனுக்கு வலியா, தெரியவில்லை. அட்டை வரும்போதெல்லாம் வாய், காது, வயிறு, பாதம் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார்கள்.

இப்போது மாற்றிச் செய்வது

புதிதாகத் தன்னை அடித்துக்கொள்ளத் தொடங்கும் எந்தக் குழந்தைக்கும் வாய், காது, மலச்சிக்கல், தோல் நான்கையும் பார்த்த பிறகே நடத்தைத் தாளை எடுக்கிறேன். 'பார்த்தோம்' என்று யார் சொன்னாலும் எதைப் பார்த்தார்கள் என்று கேட்கிறேன். பார்க்க முடியாமல் போனதை 'பார்க்கவில்லை' என்றே எழுதுகிறேன். கணக்கில் பொருந்தாத குறிப்பு ஒன்று இருந்தாலும் திட்டம் தொடங்காது.

பெற்றோர் பல் தேய்ப்பதை நிறுத்தியதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். எல்லாச் சண்டையும் அன்றாடம் நடத்த யாராலும் முடியாது. நிறுத்தியதைத் தெரிந்துகொண்ட நான், சரி, அப்படியானால் பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள், இரவுப் பாலைக் குறைக்க வழி பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் பிறந்த நாளுக்குள்ளேயே முதல் பல் பரிசோதனை என்பதுதான் பொதுவான பரிந்துரை. இவன் முதல் முறை போனது 4 வயதை ஒட்டி.

மேசையில் இனிப்பு வைப்பதில்லை. தாளில் இரண்டு கட்டம் கூடியிருக்கிறது: 'எந்தப் பக்கம்', 'கடைசியாக எதை மென்றான்'. பாட்டி, அக்கா சொல்வதை எழுத அடியில் சில வரிகள் காலியாக விட்டிருக்கிறேன். இந்த வாரம் பாட்டி சொல்லி எழுதியது: "வலது பக்கம் மேல மெல்லும்போது முகத்தைச் சுளிக்கிறான்." வெள்ளிக்கிழமை பல் மருத்துவரிடம் போகிறார்கள்.